பிக்கப்பில் ஏசி குளிரவில்லையா? கேஸ் கடைசியில் இருக்கட்டும்: ஏற்காடு–சேலம் பாதையில் சில ஆண்டு அனுபவம்

ஏற்காட்டுத் தோட்டத்திலிருந்து காபியும் மிளகும் ஏற்றிக்கொண்டு சேலம் செவ்வாய்பேட்டைக்கு இறங்குவதும், மாலையில் உர மூட்டைகளோடு மலையேறுவதும்தான் எங்கள் டபுள் கேபின் பிக்கப்பின் வேலை. இன்ஜின், கியர், பட்டை ஸ்பிரிங் எதிலும் எனக்கு மனக்குறை இல்லை. ஏசி மட்டும் வருடத்துக்கு ஒரு காரணம் சொல்லிக்கொண்டு மந்தமானது. ஒவ்வொரு முறையும் பட்டறையில் கிடைத்த முதல் பதில் ஒன்றே: "கேஸ் போட்டால் சரியாகிவிடும் அண்ணா." அந்தப் பதிலை நம்பிப் பணம் கட்டுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் சந்தித்த மந்தங்களில் பெரும்பாலானவற்றுக்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தக் குறையைக் கண்டுபிடிப்பதில் ஊருக்கும் பங்கு உண்டு. சேலம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே இதமான காற்று கிடைப்பதால் அரைகுறையாக வேலை செய்கிற ஏசிகூட அங்கே நன்றாகக் குளிர்கிறது. அடிவாரம் தாண்டி, கொண்டப்பநாயக்கன்பட்டி வந்து, ஐந்து ரோடு சிக்னலில் மதியம் நிற்கும்போதுதான் உண்மை தெரியும். மலையில் வண்டி வைத்திருப்பவர்கள் ஏசியைச் சோதிக்க வேண்டிய இடம் சேலம். சோதிக்க வேண்டிய மாதங்கள் ஏப்ரல், மே. ஜனவரியில் ஏற்காட்டுப் பட்டறையில் நிறுத்தி "நன்றாகத்தான் இருக்கிறது" என்று கேட்டு வருவதில் பயனில்லை.

எங்கள் வண்டியில் முதலில் வந்தது இதுதான்: சாலையில் ஓடும்போது நல்ல குளிர், சிக்னலில் நின்ற கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பான காற்று, மறுபடி ஓமலூர் சாலையில் வேகம் எடுத்ததும் குளிர். ஒரு பட்டறையில் கேஸ் நிரப்பினார்கள். நிலைமை இம்மியும் மாறவில்லை. மாறாதது நியாயமும்கூட. கேஸ் உண்மையிலேயே நன்றாகக் குறைந்திருந்தால் ஓட்டத்திலும் அது தெரிய வேண்டும். வண்டி நகரும்போது குளிர்ந்து, நிற்கும்போது சுடுகிறது என்றால் பெரும்பாலும் கண்டன்ஸருக்குக் காற்று போதவில்லை என்று பொருள். உள்ளேயிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே கொட்டுகிற இடம் அதுதான். ரேடியேட்டருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்னால் இருக்கிறது. ஓடும் வண்டியில் எதிர்க்காற்று அந்த வேலைக்கு உதவுகிறது. நின்றுவிட்டால் ஃபேன் ஒன்றே கதி.

இதை உறுதிப்படுத்தப் பத்துப் பைசா செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. நடு ஏசி துவாரத்தில் ஒரு சாதாரண வெப்பமானியைச் செருகுங்கள். உள்காற்றுச் சுழற்சியைப் போட்டு, கதவுகளை மூடி, வண்டியை நிழலில் நிறுத்தி இன்ஜினை ஓடவிடுங்கள். குளிர் மங்கி, அளவு ஏறி நின்றதும், கிரில் வழியாகக் கண்டன்ஸர் மேல் மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். தோட்டத்தில் மருந்தடிக்கும் கைத்தெளிப்பானை நன்றாகக் கழுவிவிட்டுப் பயன்படுத்தலாம். தெளித்த ஓரிரு நிமிடங்களில் வெப்பமானி சரசரவென இறங்கினால் குற்றவாளி காற்றோட்டம்தான். எங்கள் வண்டியில் அப்படித்தான் இறங்கியது. அந்த நொடியிலேயே கேஸ் பேச்சு முடிந்துவிட்டது.

காற்றோட்டம் குறைய இரண்டு காரணங்கள் இருக்கலாம். எங்களிடம் இரண்டுமே இருந்தன. ஒன்று, அடைப்பு. கண்டன்ஸரின் முன்பக்கம் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் எல்லாம் சேர்கிறது: தோட்டத்துச் செம்மண், சில்வர் ஓக் சருகின் தூள், பூச்சிகள், கருப்பூர்ப் பக்கம் போய்வந்தால் வெள்ளைக்கல் தூசி. டார்ச் அடித்து மேலிருந்து பார்த்தபோது கம்பளி விரித்தது போல் படிந்திருந்தது. வாட்டர் வாஷ் செய்யும் இடத்தில் அதிவேகத் தண்ணீரை முன்னாலிருந்து பீய்ச்ச விடாதீர்கள். மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்; அழுக்கும் இன்னும் ஆழமாகப் போகும். இன்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கி, குழாய்த் தண்ணீரின் சாதாரண வேகத்தில், பொறுமையாகக் கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு கோடை தொடங்கும் முன்பும் இதைச் செய்கிறோம்.

இரண்டாவது காரணம் விஸ்கஸ் ஃபேன். இன்ஜின் நேர்நீளமாக வைக்கப்பட்ட பல பிக்கப்களில் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவதில்லை; இன்ஜின் சுழற்சியில் ஓடுகிறது. நடுவில் உள்ள கிளட்சில் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். ரேடியேட்டர் சூடு ஏறினால் அது ஃபேனை இறுகப் பிடித்துச் சுழற்றும். குளிர்ந்திருந்தால் தளர விடும். வருடங்கள் ஓட அந்த எண்ணெய் கசிந்துவிட்டால் ஃபேன் சுழல்வது போலத் தெரியும், காற்று மட்டும் இழுக்காது. இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். கனமாக இழுத்து நின்றால் நல்லது. தடையில்லாமல் பல சுற்று ஓடினாலோ, கிளட்ச் நடுவில் எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான். எங்களுடையது தடையில்லாமல் ஓடியது. மாற்றிய பிறகு ஐந்து ரோட்டில் நின்றாலும் குளிர் நிற்கிறது. மலையேறும்போது ஏறிக்கொண்டிருந்த இன்ஜின் சூட்டு முள்ளும் இறங்கியது. அதற்காகவே இந்தச் செலவை வரவேற்கிறேன். தலைக்கு மேல் சுமையோடு மலையேறுகிற வண்டிக்கு ஃபேன் பழுது வெறும் சொகுசுக் குறை அல்ல.

அடுத்து வந்தது வேறு மாதிரி. டிசம்பர், ஜனவரி அதிகாலைகளில் ஏற்காட்டில் ஹீட்டர் இல்லாமல் கண்ணாடிப் பனி விலகாது. குளிர்காலம் முடிந்து ஏசி போட்டால் எந்த வேகத்திலும் அரைக்குளிர்தான். எங்கள் வண்டியில் சூடு, குளிரை மாற்றத் திருகும் குமிழி ஒரு கம்பி கேபிள் வழியாக, ஹீட்டர் பக்கக் காற்றுப் பாதையைத் திறந்து மூடும் மடலை இயக்குகிறது. குமிழி நீலத்தில் நின்றாலும் கேபிள் பிடிப்பிலிருந்து நழுவியதால் மடல் முழுதாக மூடவில்லை. ஹீட்டர் காயிலின் சூடு குளிர்காற்றோடு கலந்துகொண்டே இருந்தது. பானட்டைத் திறந்து ஏசியின் தடித்த அலுமினியக் குழாயைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருக்கும், ஆனால் உள்ளே காற்று மந்தமாக வரும். இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால் கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜைத் தொடுவதற்கு முன் டேஷ்போர்டுக்குக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். கேபிளை மறுபடி மாட்டியதோடு வேலை முடிந்தது. மலைவாசிகளுக்கு மட்டுமே அடிக்கடி வரக்கூடிய குறை இது. சமவெளியில் யாரும் ஹீட்டரைத் தொடுவதே இல்லை.

இனி கேஸ். அது பெட்ரோல் போல எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாக வருடக்கணக்கில் துளித்துளியாக இழப்பு இருக்கலாம். ஒவ்வொரு கோடையிலும் தீர்ந்தால் அது கசிவு. எங்களுக்கு ஒருமுறை உண்மையாகவே கசிந்தது, ஒரு குழாய் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையத்தில் (ஓ-ரிங்). கேஸோடு எண்ணெயும் சேர்ந்தே சுற்றுவதால் கசியும் இடத்தில் தூசி ஒட்டிய ஈரக்கறை தெரியும். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து சோப்புத் தண்ணீர் தடவி ஒரு மெக்கானிக் தம்பி அதை உறுதி செய்தார். அப்படிச் செய்கிறவரிடம்தான் நான் போகிறேன்.

இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று. இன்ஜின் அணைந்திருக்கும்போது கேஜ் மாட்டி, அழுத்தம் காட்டி, "பாருங்கள், குறைவு" என்பார்கள். வண்டி ஏசிகளில் பரவலாக உள்ள ஆர்134ஏ என்ற கேஸ் 30 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 95 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காட்டும். 40 டிகிரியில் 130க்கு மேல் காட்டும். உள்ளே கொஞ்சமேனும் திரவம் இருக்கிற வரை அந்த எண் வெயிலைத்தான் சொல்கிறது, அளவைச் சொல்வதில்லை. அளவைத் தெரிந்துகொள்ள நேர்மையான வழி, முழுவதையும் இயந்திரத்தில் மீட்டெடுத்து, அரைமணி நேரமாவது வேக்யூம் போட்டு ஈரத்தை வெளியேற்றி, பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் எழுதிய கிராம் கணக்கில் எடைபோட்டு நிரப்புவதுதான். கூடுதலாகப் போட்டாலும் குளிர் குறையும்: கண்டன்ஸருக்குள் திரவம் தேங்கி, வாயு குளிர்ந்து திரவமாக மாறுவதற்கான இடம் சுருங்கிவிடும், அழுத்தம் ஏறும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸருக்கு வேலை கூடும். கசிவை அடைக்காமல் மேலே மேலே ஊற்றுவதில் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. காற்றில் கலக்கும் இந்தக் கேஸ், எடைக்கு எடை, கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கக்கூடியது. மலைக் குளிரை நம்பிக் காபி வளர்ப்பவன் அதைக் கண்டும் காணாமல் இருக்க முடியாது.

மலையேற்றத்தில் மட்டும் ஒரு விஷயத்தைக் குறையென்று எண்ண வேண்டாம். வளைவுகளில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போதோ, இன்ஜின் சூடு எல்லை தாண்டும்போதோ பல வண்டிகள் தாமாகவே கம்ப்ரஸரைச் சற்று நேரம் துண்டித்துவிடும். இன்ஜினைக் காக்கும் ஏற்பாடு அது. வளைவு முடிந்து மிதி தளர்ந்ததும் குளிர் திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்றைய நிலவரம்: 38 டிகிரி வெயிலில் சேலத்துக்குள் ஓடும்போது நடுத் துவாரத்தில் 10 டிகிரிக்கு அருகில் கிடைக்கிறது. பின் இருக்கைக்குத் தனித் துவாரம் இல்லாததால் அங்கே குளிர் மெதுவாகத்தான் எட்டுகிறது. அது அமைப்பின் குறை, பழுது அல்ல. கேபின் ஃபில்டர் இல்லாத வண்டி என்பதால் உள்ளே இருக்கும் கூலிங் காயிலில் தூசி படிந்து, புளோயரை முழு வேகத்தில் வைத்தாலும் காற்றின் தள்ளல் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. காபி அறுவடை முடிந்து வண்டிக்கு ஓய்வு கிடைத்ததும் டேஷ்போர்டைக் கழற்றி அதைச் சுத்தம் செய்யச் சொல்லியிருக்கிறேன்.