ட்ரைபாடா, கையா, டார்ச்சா? பாழடைந்த கட்டடத்துக்குள் படமெடுக்க எது தோது

கூரை பாதி இறங்கிப்போன பழைய ஆலைக் கூடம். இருப்பது ஒரே ஜன்னல், அதிலும் கொடி படர்ந்திருக்கிறது. மூலையில் ஒரு மர நாற்காலி. சுவரில் பெயின்ட் சருகு மாதிரி சுருண்டு தொங்குகிறது. நம் கண்ணுக்கு எல்லாமே தெரிகிறது, கேமராவுக்குத்தான் வெளிச்சம் போதவில்லை. ட்ரைபாடில் (முக்காலியில்) நிறுத்தி நீண்ட எக்ஸ்போஷர் கொடுக்கலாம், அதாவது ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கலாம். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றிக் கையிலேயே எடுக்கலாம், இல்லையென்றால் நாமே வெளிச்சம் கொண்டுபோகலாம். மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன். என் ஓட்டு ட்ரைபாடுக்கு. ஆனால் எல்லா அறையிலும் அல்ல.

அந்த நாற்காலிக்கு எஃப்/8 (லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஐஎஸ்ஓ 100, 8 விநாடி சரியாக வந்தது என்று வையுங்கள். அதே வெளிச்சம் எஃப்/1.8, ஐஎஸ்ஓ 3200, 1/80 விநாடியிலும் கிடைத்துவிடும். கை நடுங்காத ஆளுக்கு அது தாராளம். பிறகு எதற்கு ட்ரைபாடைச் சுமக்க வேண்டும்?

ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் விழும் புள்ளிகளுக்கு, அதாவது நாய்ஸுக்குப் பயந்து என்று பலர் சொல்வார்கள். இன்றைய முழு ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமராவில் 3200 பெரிய தொல்லையே இல்லை, மென்பொருளில் அடங்கிவிடும். எனக்கு உறுத்துவது வேறு. 20 எம்எம் லென்ஸை எஃப்/1.8-ல் திறந்து, 2 மீட்டரில் இருக்கும் நாற்காலியில் ஃபோகஸ் வைத்தால், ஏறக்குறைய 2.7 மீட்டரைத் தாண்டியதெல்லாம் மங்கத் தொடங்கும். பின்சுவரில் உரிந்து நிற்கும் பெயின்ட்தான் அந்த அறையின் வயதைச் சொல்கிறது. அது பஞ்சாகக் கரைந்துபோனால் நாற்காலி எங்கே வேண்டுமானாலும் கிடக்கும் நாற்காலிதான். எஃப்/8-ல் அதே இடத்தில் ஃபோகஸ் வைத்தால் காலடியிலிருந்து கடைசிச் சுவர் வரை தெளிவாக நிற்கும்.

ஜன்னல் இன்னொரு காரணம். வெளியே கண்கூசும் வெயில், உள்ளே மூலையில் கும்மிருட்டு. இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க, இருட்டிலிருந்து வெளிச்சம் வரை சென்சார் பதியக்கூடிய முழு வீச்சும் வேண்டும். அது ஐஎஸ்ஓ 100 பக்கம்தான் கிடைக்கும், ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும். அதுவும் போதாத இடத்தில் ப்ராக்கெட்டிங் இருக்கிறது: 1/15, 1/4, 1, 4, 15 விநாடி என்று இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) ஐந்து படம் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது. ஜன்னலில் கொடி அசைந்துகொண்டிருந்தால் இலைகள் இரட்டை இரட்டையாக விழும். அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது நிழலை முழுக்க வெளுத்துவிடாதீர்கள். கொஞ்சம் இருட்டு இருந்தால்தான் அது அந்த அறை.

மரத்தளத்தில் ட்ரைபாடுக்கு ஒரு சோதனை உண்டு. பழைய பலகைக்கு உயிர் இருக்கிற மாதிரிதான்: எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றினால்கூட பலகை அசையும், கேமராவும் சேர்ந்து அசையும். ஒருமுறை மாடி அறையில் எடுத்த படம் அத்தனையும் லேசாகக் கலங்கி வந்தது. லென்ஸைச் சந்தேகித்துத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். காரணம் என் கால்தான். இப்போதெல்லாம் ட்ரைபாட் கால்களைச் சுவரோரம், பலகைக்கு அடியில் விட்டம் ஓடும் இடத்தில் ஊன்றுகிறேன். டைமரை 10 விநாடிக்கு வைத்து, ஷட்டர் மூடும்வரை ஆடாமல் நிற்கிறேன்.

ஃபிளாஷைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேமரா மேலிருந்தே அடித்தால் பக்கத்தில் இருப்பது வெளுக்கும், தூரத்தில் இருப்பது கருக்கும், காற்றில் மிதக்கும் தூசி வெள்ளை வட்டங்களாக வந்து உட்காரும். டார்ச் அப்படியல்ல, கூர்ந்து பழக வேண்டிய விஷயம். ஜன்னலே இல்லாத நிலவறையில் வேறு வழியும் கிடையாது. ட்ரைபாடில் 30 விநாடி ஷட்டரைத் திறந்துவிட்டு, கேமரா நிற்கும் இடத்திலிருந்து அடிக்காமல் பக்கவாட்டுக்குப் போய், சுவரை உரசுகிற மாதிரி ஒளியை ஓட்டுங்கள். உரிந்த பெயின்டின் ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு நிழல் விழும். கையை நிறுத்தவே கூடாது, நிறுத்திய இடம் பளிச்சென்று திட்டாகிவிடும். ஜன்னல் ஒளியும் இருக்கும் அறையில் மஞ்சள் டார்ச் ஒட்டாது, பகல் நிறத்தில் எரிகிற எல்இடி வேண்டும். மற்ற அறைகளில் எனக்கு டார்ச் ஃபோகஸுக்கு மட்டும்தான்: நாற்காலியின் விளிம்பில் அடித்து, ஃபோகஸைப் பூட்டி, அணைத்துவிடுவேன்.

அப்படியென்றால் கையில் எடுப்பது எங்கே ஜெயிக்கிறது? குறுகிய மாடிப்படியில், மூன்று கால் விரிக்க இடமில்லாத இடுக்கில். எல்லாவற்றுக்கும் மேலாக, நெடுநேரம் நிற்கக் கூடாத தளத்தில். உரிமையாளர் அனுமதி தந்து உள்ளே விட்டாலும் பலகை நம்மைத் தாங்க வேண்டுமே. அங்கே வாசலிலேயே நின்று, தோளை நிலைக்கட்டையில் சாய்த்து, மூச்சை விட்டபடி மூன்று நான்கு படம் தொடர்ச்சியாக அழுத்துவேன். சென்சாரில் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) உள்ள கேமரா என்றால் 1/4 விநாடியில்கூட அதில் ஒன்றாவது கூர்மையாகத் தேறும். எஃப்/4 வரை மூடிக்கொள்ளவும் முடியும்.