பேனாவா, கவுன்சிலர் நாற்காலியா?

வேலூரில் நிருபராக இருக்கும் நண்பருக்குச் சுற்றுச்சூழல்தான் மூச்சு. வார்டு தேர்தலில் நிற்கலாமா என்று கேட்டார்.

நிருபருக்கு எல்லைக்கோடு கிடையாது. வாணியம்பாடி தோல் கழிவை எழுதிய கையோடு, ராணிப்பேட்டையில் குவிந்த குரோமியக் கழிவையும் எழுதலாம். பாலாற்றில் தோல் கழிவு கலந்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் செய்தி மறுநாளே பஜ்ஜி மடிக்கப் போய்விடும்.

கவுன்சிலருக்கோ மாநகராட்சியின் 60 வார்டுகளில் ஒன்றுதான். தோல் தொழிற்சாலையை அவர் தொடவே முடியாது. அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை. இது தெரியாமல் ஓட்டுக் கேட்டால் அசிங்கம்தான்! அப்புறம் என்ன மிச்சம்? சாக்கடையும் குப்பையும். காலையில் தள்ளுவண்டியில் மக்கும் குப்பைக்கு ஒன்று, மக்காததற்கு ஒன்று என இரண்டு பக்கெட். கறிவேப்பிலைக் காம்பும் பால் கவரும் ஒன்றாக விழுகிறதா என்று தெருவில் நின்று பார்க்கலாம். கால்வாய் ஆற்றில் கலக்கும் இடத்தைக் காட்டி மன்றக் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம், பதில் பதிவாகும்.

நான் நிற்கத்தான் சொன்னேன். பேனாவை என்ன செய்வது என்றார். சரி, மனு எழுதவும் அதுதானே வேண்டும்?