கூப்பன் தளமா, சமையல் யூடியூபரா?

செக்கு எண்ணெய் விற்கும் சின்ன ஆன்லைன் கடைக்கு அஃபிலியேட்டாக, அதாவது லிங்க் மூலம் ஆள் அனுப்பி விற்பனைக்குக் கமிஷன் வாங்குபவராக, சேரக் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வகைதான்.

கூப்பன் தளத்தைச் சேர்த்ததுமே விற்பனை கூடினதுபோல் தெரியும். ஆனால் அங்கிருந்து வருபவர் யார்? கார்ட்டில் பாட்டிலைப் போட்டுவிட்டு, கடைசி நிமிடத்தில் கடைப் பெயரோடு ‘கூப்பன்’ என்று தேடுபவர். வாங்கும் முன் கடைசியாகக் கிளிக் செய்த லிங்க்குக்கே கமிஷன் என்றால், தானாக வந்தவருக்கும் நாம் காசு கொடுக்கிறோம். 1,000 ரூபாய் பில்லில் 10% தள்ளுபடி, மீதி 900-க்கு 8% கமிஷன்: 172 ரூபாய் காலி. எண்ணெய் வியாபாரத்துக்கு இது தாங்காது.

யூடியூபர் மெதுவாகத்தான் விற்றுத் தருவார். ஆனால் நம் கடையைக் கேள்வியே படாதவர்களைக் கொண்டுவருவார். பழைய வீடியோவிலிருந்தும் ஆர்டர் வரும். சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையை விடுங்கள், கமெண்டுகளில் ‘எங்கே வாங்கினீங்க?’ என்று கேட்கிறார்களா பாருங்கள். விளம்பரம் என்று சொல்ல மறுப்பவர் வேண்டாம்; இந்திய விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு அமைப்பான ஏஎஸ்சிஐ 2021-இல் வெளியிட்ட நெறிமுறையே அதைக் கேட்கிறது. நல்லெண்ணெய் குடித்தால் சர்க்கரை நோய் போய்விடும் என்று அடித்துவிடுபவர் அறவே வேண்டாம்.

என் ஓட்டு யூடியூபருக்கு. சரக்கு தேங்கும்போது மட்டும், புது வாடிக்கையாளருக்கே கமிஷன் என்ற நிபந்தனையோடு கூப்பன் தளத்தைச் சேர்க்கலாம்.