நெதர்லாந்தா, இந்தியாவா?

இலங்கை மலையகத்து அட்டனிலிருந்து சட்டம் படிக்கப் போன தங்கச்சி ஒருத்தி கேட்டாள்: "பரிமாற்ற மாணவியா ஒரு செமஸ்டர் போகலாம் அக்கா, எங்க போறது?"

நெதர்லாந்து கவர்ச்சியானது. டச்சுக்காரர் இலங்கைக்குக் கொண்டுவந்த நமது ரோமன்-டச்சுச் சட்டம் பிறந்த மண். ஆனால் அவர்களே 1809இல் அதை விட்டுவிட்டு சட்டக்கோவைக்கு மாறிவிட்டார்கள். நமது நீதிமன்றங்களில் இன்னும் உயிரோடிருப்பது அங்கே வரலாற்று வகுப்பில்தான் கிடைக்கும். ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்ற விசாரணையை நேரில் பார்க்கலாம், அது பெரிய விஷயம். வாடகைதான் கழுத்தை நெரிக்கும்.

இந்தியாவில் செலவு குறைவு. நமது 1895 சாட்சியக் கட்டளைச் சட்டம் இந்தியாவின் 1872 சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. இந்தியா அதை மாற்றி, புதிய சட்டத்தை 2024 ஜூலை 1 முதல் நடைமுறைப்படுத்திவிட்டது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படிக்க இதைவிட நல்ல நேரம் இல்லை.

அதோடு நம் கதையின் பாதி அங்கேதான் இருக்கிறது. இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது; இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் பலரை இந்தியாவுக்கு அனுப்பிக் குடும்பங்களைப் பிரித்தது. என் அம்மாயி தோட்டத்து லயன் வீட்டில் பிஸ்கட் டின்னுக்குள் பத்திரப்படுத்திய பிரஜாவுரிமைக் கடதாசி மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. அந்த ஒப்பந்தத்தால் கப்பலேறிப் போனவர்கள் நீலகிரியில் இருக்கிறார்கள்.

சர்வதேசச் சட்டம்தான் உன் வழி என்றால் நெதர்லாந்து, சரி. இங்கே சட்டத்தரணியாகத் தோட்ட மக்களுக்காக நிற்கப் போகிறாய் என்றால் நான் இந்தியா என்றே சொல்வேன். எதுவானாலும், அங்கே எடுக்கும் பாடங்களை இங்கே ஏற்பார்களா என்று பீடத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்.