டிரெடிஷனலா, கேண்டிடா: கல்யாண போட்டோவை எந்தப் பக்கமிருந்து தொடங்குவது?

கல்யாண போட்டோகிராபிக்கு வர ஆசைப்படும் இளைஞர்களில் பலர் கேமரா வாங்கும் முன்பே ஒரு முடிவோடு இருக்கிறார்கள்: "நான் கேண்டிட் (யாரையும் போஸ் கொடுக்க வைக்காமல் இயல்பாக எடுக்கும் படம்) மட்டும்தான் எடுப்பேன்." அவர்கள் இன்ஸ்டாகிராமில் பார்த்து மயங்கிய படங்கள் எல்லாம் அந்த வகைதான், அதனால் ஆசையில் தப்பில்லை. மேடைக்கு எதிரே நின்று, மொய் வைக்க வரும் குடும்பங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி எடுக்கும் டிரெடிஷனல் போட்டோகிராபரைப் பார்த்து, அவர் மாதிரி ஆக வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. என் கருத்து வேறு. ஒரு சீசனாவது டிரெடிஷனல் எடுத்துப் பழகியவர்தான் பிறகு நல்ல கேண்டிட் எடுப்பார் என்று உறுதியாக நம்புகிறேன். இதற்கு விதிவிலக்கும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

தமிழ்நாட்டு மண்டபங்களில் கொஞ்சம் வசதியான கல்யாணம் என்றால் நான்கு பேர் வருவார்கள்: டிரெடிஷனல் போட்டோவுக்கும் வீடியோவுக்கும் ஒவ்வொருவர், கேண்டிட் போட்டோவுக்கும் வீடியோவுக்கும் ஒவ்வொருவர். பட்ஜெட் குறைந்தால் முதலில் கழற்றிவிடப்படுவது கேண்டிட் ஆட்கள்தான். டிரெடிஷனல்காரருக்கு மணமேடையின் நேர் எதிர் இடம். ஒவ்வொரு சடங்கும், ஒவ்வொரு சொந்தமும் அவர் படத்தில் இருக்க வேண்டும். பெரியப்பா குடும்பத்துக்கு ஒரு குரூப் போட்டோ விட்டுப்போனால் அந்தப் பேச்சு வருஷக்கணக்கில் ஓயாது. கேண்டிட்காரருக்கு இடமும் கிடையாது, பட்டியலும் கிடையாது. மணமகள் அறை, மேடை ஓரம், பந்தி என்று அலைந்து, யாரும் போஸ் கொடுக்காத நேரத்தில் எடுக்க வேண்டும். அவரிடம் "இது ஏன் இல்லை" என்று கேட்பது குறைவு. "இருப்பது நன்றாக இருக்கிறதா" என்றுதான் பார்ப்பார்கள்.

முகூர்த்தத்தில் யாருக்கு என்ன கிடைக்கும்?

தாலி கட்டுவது சில நொடி வேலை. கெட்டிமேளம் முழங்கியதும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து அட்சதை தூவுவார்கள். மாப்பிள்ளையின் முழங்கை பெண்ணின் முகத்தை மறைக்கும், மாலை தாலியை மறைக்கும், பின்னாலிருந்து நாலு சொந்தக்காரர்களின் கைகள் உள்ளே நீளும். போதாததற்குப் பறக்கும் அரிசியில் போய் ஃபோகஸ் விழும். எதிரே நிற்பவர் இதற்கெல்லாம் முன்கூட்டியே தயாராக இருப்பார். மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிடச் சொல்வது, "முழங்கையை இறக்கிக் கட்டுங்க தம்பி" என்று மாப்பிள்ளைக்குச் சொல்லி வைப்பது, சாஸ்திரிகளிடம் முதலிலேயே பேசி எந்த மந்திரத்துக்குப் பிறகு தாலியை எடுத்துக் கொடுப்பார் என்று கேட்டுக்கொள்வது எல்லாம் டிரெடிஷனல்காரரின் அன்றாட வேலை.

கேண்டிட்காரருக்கு அதே நொடியில் வேறு மூன்று நல்ல படங்கள் இருக்கின்றன. பெண்ணின் அம்மா முகம் ஒன்று, முடிச்சு போடும் நாத்தனாரின் விரல்கள் இன்னொன்று, தலை குனிந்திருக்கும் பெண்ணின் பக்கவாட்டு முகம் மூன்றாவது. மூன்றுக்கும் நிற்க வேண்டிய இடம் வேறு வேறு, ஒருவரால் எடுக்க முடிவது ஒன்றைத்தான். எதை எடுப்பது என்று கெட்டிமேளம் தொடங்கிய பிறகு யோசித்தால் ஒன்றும் கிடைக்காது. அடுத்து என்ன நடக்கும் என்பது மனப்பாடமாக இருந்தால்தான் அதற்கு முன்பே அந்த இடத்தில் போய் நிற்க முடியும். கேண்டிட் படங்களில் தற்செயலாகத் தெரிவதில் பாதி, சடங்கின் வரிசை தெரிந்ததால் வருவது.

அந்த வரிசையும் வீட்டுக்கு வீடு மாறும். ஐயர், ஐயங்கார் கல்யாணங்களில் பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்கும்போது தாலி ஏறும், அதனால் அப்பாவின் முகமும் அதே ஃபிரேமில் வந்துவிடும். வேறு பல சமூகங்களில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மணையில் இருப்பார்கள். சுயமரியாதைக் கல்யாணத்தில் ஹோமமும் இல்லை, கெட்டிமேளம் வந்து எச்சரிக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. 1967-இல் தமிழ்நாடு இந்துத் திருமணச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, உற்றார் முன்னிலையில் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே திருமணம் ஆகிவிடும். நீண்ட வாழ்த்துரைக்கு நடுவே லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தால் கல்யாணமே கையை விட்டுப் போய்விடும். தேவாலயத்தில் வழிபாட்டின்போது எங்கே நிற்கலாம், பிளாஷ் போடலாமா என்று பாதிரியாரிடம் முன்னாலேயே கேட்க வேண்டும். பல இஸ்லாமியக் குடும்பங்கள் பெண்கள் பகுதிக்குப் பெண் போட்டோகிராபரைத்தான் கேட்கிறார்கள். இந்தத் துறைக்கு வர நினைக்கும் பெண்கள் இதைக் கவனிக்க வேண்டும், அந்தத் தேவைக்கு ஏற்ற அளவு ஆள் இல்லை.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள மேடைக்கு நேர் எதிரே நிற்பதைவிட நல்ல இடம் இல்லை. டிரெடிஷனலுக்கு நான் முதல் ஓட்டு போடுவதன் பெரிய காரணம் இதுதான்.

வெளிச்சம்

டிரெடிஷனல் என்றால் பிளாஷ். மேடையின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டில் குடையோ சாஃப்ட்பாக்ஸோ வைத்து, கேமராவில் டிரிக்கர் (தள்ளி இருக்கும் பிளாஷை இயக்கும் கருவி) மாட்டி எடுப்பது ரிசப்ஷனில் வழக்கம். வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரு குடும்பத்துக்குச் சில நொடிதான். பிளாஷ் திரும்பச் சார்ஜ் ஆகும் வரை அவர்கள் சிரித்தபடி காத்திருக்க மாட்டார்கள். பென்சில் பேட்டரி போட்டுப் பழகியவர்கள் லித்தியம் பேட்டரி பிளாஷுக்கு மாறினால் இந்த வித்தியாசம் உடனே தெரியும். இரண்டு வரிசைக் குரூப் என்றால் எஃப் 5.6 அல்லது 8 (எண் கூடக் கூட லென்ஸ் துளை சிறியது, தெளிவாக விழும் ஆழம் அதிகம்) வைத்தால்தான் பின்வரிசைப் பாட்டியும் தெளிவாக விழுவார். லென்ஸை 24 மி.மீ. என்ற அகலப் பார்வைக்குக் கொண்டுபோனால் ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகி விடுவார்கள், இரண்டடி பின்னால் போய் 35-இல் எடுப்பது நல்லது.

கேண்டிடில் பெரும்பாலும் இருக்கிற வெளிச்சம்தான். அது எளிது என்று தோன்றும், ஆனால் மண்டபத்து வெளிச்சம் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. வீடியோக்காரரின் எல்.இ.டி. வெள்ளை, மண்டப விளக்கு மஞ்சள், டெக்கரேஷன்காரர் போட்ட ஊதா என்று மூன்றும் ஒரே கன்னத்தில் விழும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் இந்தத் துடிப்பு பெரும்பாலும் தெரியாது. சத்தம் வராமல் இருக்கட்டும் என்று எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போனால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும் ஆபத்து உண்டு. பின்னணியில் எல்.இ.டி. திரை இருந்தால் இன்னும் கவனம் தேவை.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு தொல்லை வெள்ளை வேட்டி சட்டை. ஃபிரேமில் வெள்ளை நிறைய இருந்தால் கேமராவின் மீட்டர் ஏமாந்து படத்தை இருட்டாக்கிவிடும், அதில் முதலில் பாதிக்கப்படுவது நம் மாநிற முகங்கள்தான். வெளிச்சத்தை முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) அளவுக்கு ஏற்றி வைத்து, ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் கோப்பு) எடுத்தால் வேட்டிக்கரையும் தப்பும், முகமும் தப்பும். அதைச் செய்யாமல் எடிட்டிங்கில் முகத்தை வெளுப்பாக்கி அனுப்பும் பழக்கம் இரண்டு பக்கத்திலும் பரவிக் கிடக்கிறது. கறுப்பான பெண்ணை அவளுடைய கல்யாண ஆல்பத்திலேயே வேறு ஆளாக மாற்றுவது அவமதிப்பு. புதிதாக வருகிறவர்கள் இதை ஆரம்பத்திலேயே மறுத்துவிட வேண்டும்.

ஒரு ஜூமா, இரண்டு பிரைமா?

டிரெடிஷனலுக்கு 24–70 எஃப் 2.8 மாதிரி ஒரு ஜூம் போதும், வேறு வழியும் இல்லை. முழுக் குடும்பம் ஒரு நொடி, மெட்டி அடுத்த நொடி என்று வரும்போது லென்ஸ் கழற்றி மாட்ட நேரம் இருக்காது. கேண்டிட்காரர்கள் விரும்புவது 35-உம் 85-உம் சேர்ந்த பிரைம் (ஜூம் ஆகாமல் ஒரே மி.மீ. அளவில் நிற்கும் லென்ஸ்) ஜோடி. எஃப் 1.8-இல் வரும் வெளிச்சம் எஃப் 2.8-இல் வருவதைப் போல ஏறக்குறைய 2.4 மடங்கு. ஜூமில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 கேட்கும் இடத்தில் பிரைமில் 1250 ஒட்டி முடித்துவிடலாம். இருட்டு மண்டபத்தில் அது பெரிய நிம்மதி.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. முழு ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 85 மி.மீ., எஃப் 1.8, இரண்டு மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். மாப்பிள்ளை பெண்ணைவிட ஒரு கை அகலம் முன்னால் இருந்தால் ஒருவர் மங்கிவிடுவார். ஜூமில் 70 மி.மீ., எஃப் 2.8 என்றால் அதே தூரத்தில் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் கிடைக்கும். பின்னணி குழைந்துபோன படங்களை ஆசைப்பட்டு எடுத்து, வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்து நொந்துபோகும் புதியவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால் லென்ஸ் துளையை எஃப் 2.8-க்கோ 3.2-க்கோ சுருக்கி எடுத்திருப்பார்கள்.

எடையும் கணக்கில் வரும். அதிகாலை நாலரை மணிக்கு முகூர்த்தம் என்றால் ராத்திரித் தூக்கம் கிடையாது. சோனியின் 24–70 ஜி மாஸ்டர் முதல் பதிப்பு 886 கிராம், 2022-இல் வந்த இரண்டாம் பதிப்பு 695, டாம்ரான் 28–75 இரண்டாம் பதிப்பு 540. முதல் ஜூமுக்கு டாம்ரான் போதும் என்பேன். அந்தக் கீழ்ப்பக்க 4 மி.மீ.யை இழப்பதில் பெரிய நஷ்டம் இல்லை. மிச்சம் பிடித்த பணத்தில் இரண்டு மெமரி கார்டு போடும் வசதியுள்ள கேமரா வாங்குங்கள். கல்யாணத்தை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது, ஒரே கார்டில் எடுப்பது சரியே இல்லை.

படம் போய்ச் சேரும் இடம்

டிரெடிஷனல் படம் ஆல்பத்துக்குப் போகிறது. இங்கே பரவலான அளவு, விரித்தால் 12-க்கு 36 அங்குலம். ஒரு பக்கம் 12-க்கு 18, கேமரா ஃபிரேமின் இரண்டுக்கு மூன்று விகிதத்தில் அப்படியே உட்காரும். ஆனால் ஒரே படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்தால் மூன்றுக்கு ஒன்று ஆகிவிடும். மேலும் கீழும் பாதி வெட்டுப்படும், நடு மடிப்பில் யார் முகமாவது மாட்டும். 24 மெகாபிக்சல் படத்தின் 6000 புள்ளி அகலம் 36 அங்குலத்துக்குப் பரவினால் அங்குலத்துக்கு 167 புள்ளிதான் கிடைக்கும். எடுக்கும்போதே "இது விரிப்புக்கு" என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி நின்று எடுக்கத் தெரிவது ஆல்பம் டிசைனர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் வரும். கேண்டிட் படம் முதலில் போவது போனுக்கு. அங்கே நெடுக்கில் எடுத்ததுதான் நிற்கும், ஆல்பத்திலோ நெடுக்குப் படங்களை அடுக்குவது பெரும்பாடு.

வருமானத்தைப் பொறுத்தவரை, டிரெடிஷனலில் ஸ்டூடியோ கூப்பிட்டால் போய் நாள் சம்பளம் வாங்கலாம். சில ஸ்டூடியோக்கள் கேமராவும் தரும், எடிட்டிங்கும் அவர்கள் பொறுப்பு. கேண்டிடில் ஒரு நாள் கூலி அதிகம், ஆனால் கருவி, எடிட்டிங், வாடிக்கையாளரின் போன் எல்லாம் உங்கள் தலையில். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் அநேகமாக இல்லை என்பதால் இரண்டு தரப்புக்கும் அப்போது போர்ட்ரெயிட்தான் சோறு போடும்: குழந்தைகள், கர்ப்பகாலப் படங்கள், குடும்பப் படங்கள்.

என் விதிவிலக்கு இங்கேதான் வருகிறது. ஏற்கெனவே வருஷக்கணக்கில் போர்ட்ரெயிட் எடுத்தவர், அறிமுகமில்லாத ஒருவரைப் பேசியே இயல்பாக்கத் தெரிந்தவர், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்ததும் முகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரிந்தவர் நேராகக் கேண்டிடுக்குப் போகலாம். அவர்களுக்குக் குறைவது சடங்கு அறிவு மட்டும்தான். தங்கள் செலவிலாவது நாலைந்து கல்யாணங்களில் டிரெடிஷனல்காரருக்கு லைட் பிடித்தால் அது வந்துவிடும். வேறு யாராக இருந்தாலும், குறிப்பாகக் கடன் வாங்கிக் கேமரா வாங்கப்போகிறவர்கள், ஸ்டூடியோ வாசலில் இருந்து தொடங்குங்கள்.

கடைசியாக, கேண்டிடை நம்பி வருகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய சட்ட விஷயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17-இன்படி, ஒருவர் கேட்டுப் பணம் கொடுத்து எடுக்கவைத்த புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அந்த வாடிக்கையாளர்தான், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை. ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு வேலை பார்த்து எடுத்த படமும் உங்களுடையது ஆகாது. எனவே டிரெடிஷனல்காரர் ஒப்பந்தம் இல்லாமலே ஓட்டிவிடலாம். படத்தைக் காட்டித்தான் அடுத்த வேலை பிடிக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் கேண்டிட்காரருக்கு அது முடியாது. அட்வான்ஸ் வாங்கும் தாளிலேயே, எந்தப் படங்களை எங்கே போடலாம், மணமகள் அறையில் எடுத்தவை வெளியே போகுமா, யார் சொன்னால் நீக்க வேண்டும் என்று தமிழில் நாலு வரி எழுதி, பெண்ணிடமும் மாப்பிள்ளையிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பது அப்பாவாக இருந்தாலும் சரி, படத்தில் இருப்பவர்கள் அவர்கள் இருவரும்தான்.