பட்டி ஹாலியின் இருபது பாடல்கள்: பாம்பனிலிருந்து ஒரு தரவரிசை

அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலி, கிரிக்கெட்ஸ் என்ற தம் குழுவோடும் தனித்தும் பாடியவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த 20 பாடல்கள் ‘20 கோல்டன் கிரேட்ஸ்’ என்ற பெயரில் 1978-இல் இசைத்தட்டாக வெளிவந்தன. பிரிட்டனில் அத்தொகுப்பு விற்பனைப் பட்டியலின் முதலிடத்தையும் பிடித்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தாய்மாமா அதன் கேசட்டைப் பாம்பனுக்குக் கொண்டுவந்தபோது எனக்குப் பதினான்கு வயது. உப்புக்காற்றில் அந்தக் கேசட்டின் திருகாணிகள் துருப்பிடித்து, நாடா பூசணம் பூத்து, ஒரு நாள் சுற்றாமலே நின்றுவிட்டது. பின்னாளில் அதே தொகுப்பைக் குறுந்தகடாக வாங்கிக்கொண்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த 20 பாடல்களில் எது மேல், எது கீழ் என்று ஒரு நோட்டில் எழுதியும் அடித்தும் மாற்றியும் வந்திருக்கிறேன். அந்த வரிசையை இப்போது காரணங்களோடு எழுதிவைக்கிறேன்.

ஹாலி 1936 செப்டம்பர் 7-ஆம் நாள் டெக்சாஸ் மாநிலத்தின் லபக் நகரில் பிறந்து, 1959 பிப்ரவரி 3-ஆம் நாள் அயோவா மாநிலத்தில் விமான விபத்தில் இறந்தார். வாழ்ந்தது 22 ஆண்டுகள். முதல் பெரிய வெற்றிக்கும் மரணத்துக்கும் இடையே இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. லபக்கைச் சுற்றியுள்ள நிலம் பருத்தி விளையும் வறண்ட சமவெளி என்றும், நம் மாவட்டத்தை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தின் இனத்தைச் சேர்ந்த முள்மரங்களே அங்கும் நிற்கின்றன என்றும் பின்னாளில் படித்தபோது, அந்தக் குரல் எனக்கு ஏன் அந்நியமாகப் படவில்லை என்பதற்கு ஒரு காரணம் கிடைத்ததாக உணர்ந்தேன். அது சரியான காரணமா என்று யாரும் கேட்டால் என்னால் நிரூபிக்க இயலாது.

என் காதைப் பழக்கியவர் பெரியப்பா. அவர் தெற்குவாடியில் படகு கட்டும் ஓடாவி. பலகையைப் பூட்டுவதற்கு முன் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டி, வரும் ஓசையை வைத்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆங்கிலம் தெரியாது, ஆனால் சிலோன் ரேடியோவில் எந்த மொழிப் பாட்டு வந்தாலும் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் கரையில் அந்த நிலையம் உள்ளூர் நிலையத்தைப் போலவே துல்லியமாக எடுக்கும் என்பது இங்கு வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மாமா கொண்டுவந்த கேசட்டில் ‘எவ்ரிடே’ ஓடியபோது பெரியப்பா உளியைக் கீழே வைத்துவிட்டு, “அது மத்தளம் இல்ல தாயி, தொடையில தட்டுறான்” என்றார். கிரிக்கெட்ஸ் குழுவின் டிரம் கலைஞர் ஜெரி ஆலிசன் அந்தப் பாட்டுக்கு டிரம்மைத் தொடாமல் தம் முழங்கால்களைத் தட்டியே தாளம் போட்டார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அச்சில் பார்த்தேன்.

என் வரிசை முழுவதும் அந்த ஒரு மாலையிலிருந்து வந்தது என்றே சொல்ல வேண்டும். கையில் மிகக் குறைவான பொருள்கள் இருக்கும்போதுதான் ஹாலி மிகப் பெரிய கலைஞராக இருக்கிறார் என்பது என் துணிபு. அதனால், பலரும் தலையில் வைக்கும் பாடல்கள் சில என் வரிசையில் கீழே இறங்கியிருக்கின்றன.

முதலிடம் ‘வெல் ஆல் ரைட்’ என்ற பாட்டுக்கு. 1958 நவம்பரில் ‘ஹார்ட்பீட்’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் வெளியான பாட்டு இது. ராக் அண்ட் ரோல் என்றாலே மின்கிட்டாரும் இடிபோன்ற டிரம்மும் என்று இருந்த காலத்தில், ஹாலி இதில் சாதாரண மரக் கிட்டாரை எடுத்துக்கொள்கிறார். ஆலிசன் டிரம்மை விட்டுவிட்டுச் சிம்பலை மட்டும் மெல்லத் தொட்டுக்கொண்டே போகிறார். அந்தச் சிம்பலின் ஓசை, வாடைக்காலத்து இரவில் நங்கூரமிட்ட வல்லத்தின் அடியில் சிற்றலை தொடர்ந்து உரசுவதைப் போல, பாட்டு முடியும்வரை நிற்பதே இல்லை. சொல்லப்படும் செய்தி எளியது: இளம் வயதுக் காதலை மற்றவர்கள் அறியாமை என்று சொன்னாலும் நாம் நம் போக்கில் வாழ்வோம் என்பது. வேறு எந்தப் பாடகர் கையில் கிடைத்திருந்தாலும் இது முழக்கமாகியிருக்கும். ஹாலி குரலை உயர்த்துவதில்லை. ஊரே ஒரு பேச்சைப் பேசும்போது வீட்டுக்குள் இருவர் தணிந்த குரலில் எடுத்துக்கொள்ளும் உறுதியைப் போல இருக்கிறது அந்தப் பாடல். பதினாறு ஆண்டுகளாக இதை முதலிடத்திலிருந்து நான் இறக்கவில்லை.

இரண்டாம் இடத்தில் ‘எவ்ரிடே’. 1957-இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் க்ளோவிஸ் என்ற சிற்றூரில் நார்மன் பெட்டி நடத்திய ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. பெட்டியின் மனைவி வை பெட்டி வாசித்த செலஸ்டா என்ற கருவி, வெண்கலச் சிறுமணிகளைப் பியானோவின் கட்டைகளில் பொருத்தியது போன்ற ஓசை தருவது. அந்த மணியோசையும் முழங்கால் தட்டலும் ஒரு குரலும்: பாட்டு ஏறக்குறைய இவ்வளவுதான், நேரமோ இரண்டு நிமிடத்தைச் சற்றே தாண்டுகிறது. இதையும் மறுபக்கப் பாட்டாகத்தான் வெளியிட்டார்கள் என்பதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. முன்பக்கத்தில் இருந்தது ‘பெகி சூ’.

மூன்றாவது ‘நாட் ஃபேட் அவே’. இங்கும் ஆலிசன் டிரம்மை ஒதுக்கிவிட்டு ஓர் அட்டைப்பெட்டியைத் தட்டுகிறார். போ டிட்லி என்ற கறுப்பினக் கலைஞர் பரப்பிய, விட்டுவிட்டு விழும் அடிதான் இதன் அடித்தளம். அடிகளுக்கு நடுவே ஹாலி விடும் வெற்றிடங்களே பாட்டை நகர்த்துகின்றன. ஒரு வரி, ஒரு மௌனம், பின்னணிக் குரல்கள், மீண்டும் ஒரு மௌனம். 1964-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு இதை மறுபடி பாடியபோது அந்த வெற்றிடங்களை ஹார்மோனிகாவாலும் கிட்டாராலும் நிரப்பியது. அந்த வடிவமும் துடிப்பானதுதான். ஆயினும் எங்கள் இறங்குதளத்தில் வெறும் மீன்பெட்டியைக் கவிழ்த்து வைத்துத் தாளம் போட்டுப் பாடும் பிள்ளைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அட்டைப்பெட்டியின் ஓசையே போதுமானதாக இருக்கிறது.

நான்காம் இடம் ‘பெகி சூ’வுக்கு. இதில் டிரம் உண்டு, அதுவும் ஓயாமல் உருளும் டிரம். அதன் ஓசை மற்றவற்றை மூழ்கடித்ததால் ஆலிசனைக் கூடத்துக்கு வெளியே முன்னறையில் உட்காரவைத்துப் பதிந்தார்கள். பெட்டி எதிரொலியைத் தாளத்துக்கேற்ப ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். ஹாலியின் வலக்கை நிற்காமல் ஓடியதால் கிட்டாரின் சுவிட்சைத் திருப்ப அவருக்குக் கை ஒழியவில்லை. குழுவின் இன்னொரு கிட்டார் கலைஞரான நிக்கி சலிவன் பக்கத்தில் மண்டியிட்டு, தனி வாசிப்பு வரும்போது அந்தச் சுவிட்சை மட்டும் தள்ளிவிட்டார். இவ்வளவு உழைப்பும் ஒரு பெண்ணின் பெயரை வெவ்வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பதற்காக. பெயரைக் கொஞ்சியும் விக்கியும் இழுத்தும் மூக்கால் சிணுங்கியும் அவர் சொல்லும் விதங்களை நான் எண்ணத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையை மறந்து பாட்டுக்குள் போய்விட்டிருக்கிறேன்.

ஐந்தாவதும் ஆறாவதும் ஒரே நாளில், 1958 அக்டோபர் 21 அன்று நியூயார்க்கில், வயலின் குழுவோடு பதிவானவை. பால் ஆங்கா எழுதிய ‘இட் டஸன்ட் மேட்டர் எனிமோர்’ பாட்டில் வயலின்களை வில்லால் இழுக்காமல் விரலால் சுண்டுகிறார்கள். துயரத்தைச் சொல்லும் பாட்டுக்குத் துள்ளும் நடை கிடைத்துவிடுகிறது. ‘இனி எதுவானால் என்ன’ என்ற பொருள்படும் அப்பாட்டு, அவர் இறந்த பிறகு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. மற்றது ‘ரெய்னிங் இன் மை ஹார்ட்’. வானம் நீலமாக இருக்கிறது, வெயில் அடிக்கிறது, என் நெஞ்சுக்குள் மட்டும் மழை பெய்கிறது என்கிறது பாட்டு. சிறுமியாக இதை மாமா பொருள் சொல்லிக் கேட்டபோது, நெஞ்சுக்குள் மழை பெய்தால் மகிழ்ச்சிதானே, அதற்கு ஏன் அழ வேண்டும் என்று கேட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி ஊருணிகள் காத்துக்கிடக்கும் ராமநாதபுரத்தில் வேறு எப்படிக் கேட்க முடியும்? மாமா சிரிக்கவில்லை. சிங்கப்பூரில் மழை பெய்யும் மாலைகளில் அறையில் தனியாக இருந்ததைப் பற்றிச் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பாட்டு எனக்கு அவருடைய பாட்டு. அதன் இடத்தை நான் நடுநிலையோடு தீர்மானித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

ஏழாவது ‘ரேவ் ஆன்’. தொடக்கத்தில் வரும் ‘வெல்’ என்ற ஒற்றைச் சொல்லை ஹாலி ஆறு அசைகளாக உடைத்துவிடுகிறார். கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டில் ஒரு சொல்லைக் கயிற்றின் இழுப்புக்கேற்ப நீட்டி முறிப்பதைக் கேட்டவர்களுக்கு இந்த உத்தி உடனே பிடிபடும். அதன் பிறகு வருவது நல்ல விரைவுப் பாட்டு, அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

தொகுப்பைத் தொடங்கிவைக்கும் ‘தட்’ல் பி த டே’ எட்டாம் இடத்தில் இருக்கிறது. ஹாலியின் பெயரை உலகறியச் செய்து, 1957 செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பெற்ற பாட்டை இவ்வளவு கீழே வைப்பது எனக்கே வருத்தம்தான். ‘த சர்ச்சர்ஸ்’ என்ற 1956-ஆம் ஆண்டுப் படத்தில் ஜான் வெய்ன் திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகத்திலிருந்து பிறந்தது அந்தத் தலைப்பு. ‘அதையும்தான் பார்ப்போமே’ என்று நம் வீடுகளில் சவாலாகச் சொல்வோமே, அதே தொனி. இதை 1956-இல் நாஷ்வில் நகரில் முதலில் பதிந்தபோது குரல் உச்சத்தில் இறுகிக் கிடந்தது. அடுத்த ஆண்டு க்ளோவிஸில் சுருதியைத் தளர்த்திப் பாடியபோதுதான் அந்த அலட்சியம் குரலில் வந்தது. தொடக்கத்தில் மேலிருந்து கீழே இறங்கும் கிட்டார் மிக நன்று. ஆனால் பல நூறு முறை கேட்ட பின்னும் புதிதாக ஒன்றைத் தருவது என்ற அளவுகோலில் மேலே உள்ள ஏழும் இதை முந்துகின்றன.

ஒன்பதாவது ‘வேர்ட்ஸ் ஆஃப் லவ்’. தம் குரலின் மேல் தம் குரலையே மறுபடி பதிந்து ஹாலி இருவராகப் பாடியிருக்கிறார். பீட்டில்ஸ் குழு 1964-இல் இதைப் பாடியது. பத்தாவது ‘ட்ரூ லவ் வேஸ்’. இதைத் தலையில் வைக்காததற்காக என்னோடு வாதிட்டவர்கள் உண்டு. மனைவிக்காக அவர் எழுதிய பாட்டு என்பதையும், அதில் அவர் குரல் அடைந்த முதிர்ச்சியையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வயலின்களும் ஹார்ப்பும் சாக்ஸஃபோனும் சூழ்ந்து நிற்கையில், அவர் மூச்சு வாங்கும் ஒலி எனக்கு எட்டுவதில்லை. ‘எவ்ரிடே’யில் அது எட்டுகிறது.

பதினொன்று முதல் பதினேழு வரை ‘ஹார்ட்பீட்’, ‘மேபி பேபி’, ‘ஓ பாய்’, ‘இட்ஸ் ஸோ ஈஸி’, ‘திங்க் இட் ஓவர்’, ‘லிசன் டு மி’, ‘விஷிங்’ என்ற வரிசையில் வைத்திருக்கிறேன். இவற்றில் எதுவும் மோசமில்லை. ‘மேபி பேபி’யைப் பயணத்தின் நடுவே ஓக்லஹோமாவில் ஒரு விமானப்படைத் தளத்தில் பதிந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால் அதன் துப்புரவான ஒலி வியப்பளிக்கும்.

கடைசி மூன்று இடங்களைப் பற்றி மட்டும் தொகுப்பின் மீது எனக்குக் குறை உண்டு. ‘போ டிட்லி’, ‘ப்ரௌன் ஐட் ஹேண்ட்ஸம் மேன்’ ஆகிய இரண்டும் ஹாலி தொடக்க காலத்தில் பாடிவைத்தவை. அவர் மறைந்த பிறகு ஃபயர்பால்ஸ் என்ற குழுவின் வாசிப்பைச் சேர்த்து 1963-இல் வெளியிடப்பட்டவை. ‘பெகி சூ காட் மேரீட்’ பாட்டை அவர் 1958 டிசம்பரில், நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியிலிருந்த தம் குடியிருப்பில், கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு டேப் ரெக்கார்டரில் பாடிவைத்தார். இத்தொகுப்பில் இருப்பதோ பின்னர் டிரம்மும் பின்னணிக் குரல்களும் ஏற்றப்பட்ட வடிவம். கட்டி முடித்த வத்தையின் மேல் வேறொருவர் பலகை அடித்தது போல இருக்கிறது. இருபதாம் இடத்தை இதற்குக் கொடுத்தது பாட்டின் மேலுள்ள குறையினால் இல்லை. அந்தக் கூடுதல் சுமையினால்தான்.

புதிதாகக் கேட்கத் தொடங்குவோருக்கு இத்தொகுப்பை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். பெரும்பாலான பாடல்கள் மூன்று நிமிடத்தை எட்டுவதில்லை. ஒரே மாலையில் இரண்டு முறை கேட்டுவிடலாம். கேட்டு முடித்ததும், அதே குடியிருப்பில் 1958 டிசம்பரில் ஹாலி பாடிவைத்த ‘லர்னிங் த கேம்’ என்ற பாட்டை, எதுவும் சேர்க்கப்படாத மூல வடிவத்தில் தேடிக் கேளுங்கள். ஒரு குரலும் ஒரு கிட்டாரும் மட்டுமே உள்ள அந்தப் பாட்டு இந்த இருபதில் இடம்பெறவில்லை. இடம்பெற்றிருந்தால் அதை மூன்றாவதாக எழுதி, ‘நாட் ஃபேட் அவே’யை ஒரு படி இறக்கியிருப்பேன்.