“வெளிக்கு எப்படிப் போகுது?”

மூன்று வாரம் லீவு போட்டு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து கும்பகோணம் பக்கம் எங்கள் கிராமத்துக்கு வந்திருந்தேன். நாலாம் நாள் விடியற்காலையில், கண்ணை இருட்டுகிறது என்று அம்மா கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கை சில்லென்று வியர்த்திருந்தது. முதலில் போன தனியார் கிளினிக்கில் கேஸ் டிரபிள் என்று ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மதியம் மறுபடி மயக்கம் வரவே, அரசு மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கிருந்த சிஸ்டர் நாடியைப் பிடித்தபடியே கேட்டார்: “அம்மா, வெளிக்கு எப்படிப் போகுது?”

“கருப்பாத்தான் போகுது. இரும்பு மாத்திரை போட்டுக்கறேன்ல, அதான்.”

“தார் மாதிரி பிசுபிசுன்னு, கெட்ட நாத்தத்தோடயா?”

அம்மா தலையாட்டினார். இரும்பு மாத்திரையால் வெறுமனே கருக்கும். தார்போல ஒட்டி நாறினால் வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. காலையில் யாராவது இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம். மூட்டு வலிக்கு என்ன மாத்திரை என்று சிஸ்டர் அடுத்துக் கேட்டபோதுதான், மூன்று மாதமாக மெடிக்கலில் சீட்டில்லாமல் டைக்ளோஃபினாக் என்ற, வயிற்றைப் புண்ணாக்கக்கூடிய வலி மாத்திரையை வாங்கிப் போட்டது எனக்கே தெரிந்தது.

இரண்டு கையிலும் ஊசி ஏற்றி, ரத்த வகை பார்க்க அனுப்பி, டிரிப்ஸும், அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மருந்தும் போட்டார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்றார்கள். சித்தி பிளாஸ்கில் பால் கொண்டுவந்தார், புண் ஆறும் என்று. “இப்ப வேணாம்மா. காலையில எண்டோஸ்கோப்பி இருக்கு, வாய் வழியா கேமரா குழாய் விட்டு வயித்தைப் பாப்பாங்க. பால் அப்போதைக்கு எரிச்சலை அடக்கும், அப்புறம் அமிலத்தைக் கூட்டிடும்” என்று பக்குவமாகத் திருப்பி அனுப்பினார் சிஸ்டர்.

இரவு நாற்பது கட்டிலுக்கு ஒரே ஒரு சிஸ்டர்தான். அப்படியும் மணிக்கொரு தடவை வந்து பிரஷர், நாடி, சிறுநீர் அளவு குறித்தார்; வயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார். “வயிறு பலகை மாதிரி இறுகினாலோ, திடீர்னு தோள்பட்டை வலிக்குதுன்னாலோ ஓடி வந்து சொல்லுங்க. புண் ஓட்டையாயிருக்கலாம்” என்றார். அத்தனை பேரையும் ஒருத்தர் பார்ப்பது அநியாயம். ஆள் போட வேண்டும்.

மறுநாள் எண்டோஸ்கோப்பியில் சிறுகுடல் தொடக்கத்தில் புண் தெரிந்தது. கிள்ளி எடுத்த துணுக்கை வைத்த மஞ்சள் ஜெல் இளஞ்சிவப்பானது: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கிருமிக்கும் குடல்புண்ணுக்கும் உள்ள தொடர்பை 1980களில் கண்டுபிடித்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் நான் குடியிருக்கும் பெர்த்தில் வேலை பார்த்தவர்கள்; 2005இல் நோபல் பரிசு வாங்கினார்கள். மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தவர். பத்து வருஷமாக அந்த ஊரில் இருந்தும், அம்மா வயிற்றில் என்ன இருக்கிறது என்று நான் விசாரித்ததில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க ஆங்கிலம். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. சிஸ்டர் பேனாவை எடுத்து ஒவ்வொரு மாத்திரைக் கவரிலும் தமிழில் எழுதினார்: “வெறும் வயிறு, சாப்பாட்டுக்கு அரை மணி முன்”, “14 நாள், நடுவில் நிறுத்தக்கூடாது”. கடைசிக் கவரில், “மூட்டு வலி மாத்திரை டாக்டரைக் கேக்காம வேண்டாம்” என்று அடிக்கோடு போட்டார்.

கோர்ஸ் முடிந்து குறைந்தது நாலு வாரம் கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். அதற்குள் நான் பெர்த் திரும்பியிருப்பேன். அண்ணி கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.